நகோயாவிலிருந்து ராயபுரத்துக்கு ஒரு பெட்டி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள், தலைப்பை நானே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ‘ஜப்பானிய மரபுப் பாட்டும் இசையும் மக்கள் வழக்கில்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே தொலைபேசி வந்தது. “ஐயா, ராயபுரத்துக்காரரான உங்களுக்கு ஜப்பான் எதற்கு? கானா பற்றிப் பேசுவீர்கள் என்றல்லவா நினைத்தோம்!” கானா பற்றித்தான் பேசப்போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. அதனால்தான் இந்தப் பெட்டியையும் கையோடு தூக்கி வந்திருக்கிறேன்.

மேசைமேல் இருப்பது புல்புல்தாரா. இங்கே நரைத்த தலைகளுக்கு அறிமுகம் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளமான மரப்பெட்டி, அதன்மேல் கம்பிகள், கம்பிகளுக்கு மேலே தட்டச்சுப் பொறியில் இருப்பதுபோலப் பொத்தான்கள். இடக்கை பொத்தானை அழுத்தினால் அது கம்பியை மெட்டின்மேல் பதிக்கும். வலக்கையில் ஒரு சில்லை வைத்துக்கொண்டு கம்பியை வருட வேண்டும். இதில் மூன்று பொத்தான்கள் இல்லை. இரண்டு என் தம்பி பிடுங்கியது. மூன்றாவதை நான்தான் பிடுங்கியிருக்க வேண்டும், ஆனால் வீட்டில் இன்றுவரை பழி அவன்மேல்தான்.

இதை என் அப்பா மூர் மார்க்கெட்டில் வாங்கினார். 1985-இல் எரிந்துபோன அந்தச் சந்தையில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், ஓட்டை ஆர்மோனியம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. தெருவில் ஒருவருக்குத் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவரைப் ‘பெட்டிக்காரர்’ என்றுதான் கூப்பிடுவோம். சாவு வீட்டில் பந்தல் போட்ட இரவு, டோலக்கும் தபேலாவும் வந்து சேர்ந்த பிறகு, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “சார், பெட்டியைக் குடுங்க” என்பார். அப்பா மறுத்ததே இல்லை. விடிய விடிய கானா நடக்கும். இறந்தவரின் நல்லது கெட்டது எல்லாம் பாட்டில் வரும். அவர் வைத்துவிட்டுப்போன கடன்கூட வரும். பாட்டுக்கு நடுவே பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் இந்தப் பெட்டி கிணுகிணுவென்று ஓடி நிரப்பும். அந்த ஒலியைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சாமந்தி வாசனைதான் வருகிறது.

இதைவிட எங்கள் தெருவுக்குச் சொந்தமான வாத்தியம் உண்டா என்று நெடுநாள் நினைத்திருந்தேன். நாற்பது வயதுக்கு மேல்தான் உண்மை தெரிந்தது. இந்தப் பெட்டி ஜப்பான்காரன்.

1912-இல், பேரரசர் மெய்ஜி இறந்து தைஷோ ஆட்சி தொடங்கிய அதே ஆண்டில், நகோயா நகரில் மொரித்தா கொரோ என்பவர் ஒரு புதுக் கருவியைச் செய்தார். ஜப்பானில் ‘நிகென்கின்’ என்ற பழைய இரட்டைக் கம்பி வாத்தியம் உண்டு. அதன் உடலில் தட்டச்சுப் பொறியின் விசைகளைப் பொருத்தியதுபோன்ற ஒன்று அது. ‘தைஷோகோதோ’ என்று பெயர் வைத்தார்கள். தைஷோ காலத்துக் கோதோ என்று பொருள். கோதோ என்பது பதின்மூன்று கம்பிகள் கொண்ட, அரண்மனை வாசனை உடைய பெரிய வாத்தியம். அதைக் கற்க ஆசான் வேண்டும், ஆண்டுகள் வேண்டும், காசு வேண்டும். தைஷோகோதோவின் பொத்தான்களில் எண்கள் எழுதியிருக்கும். பாட்டையும் எண்களாகவே அச்சிட்டு விற்றார்கள். எண் தெரிந்த எவரும் ஒரு வாரத்தில் நாட்டுப்பாட்டு ஒன்றைத் தட்டிவிடலாம். ஆலைத் தொழிலாளிகளும் கடைச் சிப்பந்திகளும் வாங்கினார்கள்.

பிறகு இது கப்பலேறியது. 1920, 30-களில் ‘ஜப்பான் சாமான்’ என்ற பேச்சே நம் ஊரில் புழங்கிய காலம்: குடை, பொம்மை, துணி, கண்ணாடி வளையல். அந்த வரிசையில் இதுவும் வந்தது. இந்தியாவில் இதற்குப் ‘புல்புல் தரங்’ என்று பெயர். புல்புல் பறவையின் அலை என்று பொருள். தரங்கைத் தாராவாக்கியது நம் நாக்கு.

இது எங்கெங்கே குடியேறியது என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். கராச்சியில் பலூச்சிக் கலைஞர்கள் இதைப் பெரிதாக்கி ‘பெஞ்சு’ என்று ஆக்கிக்கொண்டார்கள். இன்று அது பலூச்சி இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பம்பாயில் இதற்கு மின்சாரம் கொடுத்து ‘பாஞ்சோ’ என்றார்கள். கணபதி ஊர்வலத்தில் வரும் ‘பாஞ்சோ பார்ட்டி’ அதுதான். கோலி மீனவர்களின் பாட்டுகள் அதில் அமர்க்களப்படும். 2016-இல் அந்த வாத்தியக்காரர்களை வைத்து ‘பாஞ்சோ’ என்றே ஒரு இந்திப் படம் வந்தது. ஆப்பிரிக்கக் கரையில் மொம்பாசாவின் தாராப் இசைக்குள்ளும் இது நுழைந்துவிட்டது; அங்கே ‘தைஷோகோதோ’ என்ற பெயரைக்கூட மாற்றவில்லை. கராச்சி, பம்பாய், மொம்பாசா, சென்னை. எல்லாம் துறைமுகங்கள். எல்லா இடத்திலும் இதைக் கையில் எடுத்தவர்கள் துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்த உழைப்பாளிகள். சபா மேடையில் இதற்கு இடம் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. குற்றச்சாட்டு ஒன்றுதான்: பொத்தான் வாத்தியத்தில் கமகம் வராது. அது உண்மை. அதே குற்றத்துக்காக 1940-இல் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி முப்பது ஆண்டுகளுக்குத் தள்ளி வைத்தது. சாவு வீட்டில் யாரும் கமகம் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியானது. அரசாங்க அலுவலகங்கள் ஊரைவிட்டு நகர்ந்தன. வண்டி கிடைத்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டினார்கள். உயிர்க்காட்சிச் சாலையில் புலியையும் சிங்கத்தையும் சுட்டே கொன்றுவிட்டார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகத்தின் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. அப்படி ஊர் ஓடிக்கொண்டிருந்தபோது எத்தனை வீட்டுப் பரண்களில் ஜப்பான் பெட்டி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். எதிரியின் வாத்தியம் என்று யாரும் அதை உடைத்திருக்க மாட்டார்கள். அது எதிரியினுடையது என்று யாருக்கும் தெரிந்திருந்தால்தானே?

சரி, இது மரபு வாத்தியமா, இல்லையா? இந்தக் கேள்வியை ஜப்பானியர்களிடம் கேட்டாலும் தடுமாறுவார்கள். ‘மின்யோ’ என்ற சொல்லை நாட்டுப்பாட்டு என்ற பொருளில் அவர்கள் ஆளத் தொடங்கியதே மெய்ஜி காலத்தில், ஜெர்மன் சொல் ஒன்றைப் பெயர்த்துத்தான். நம்முடைய ‘நாட்டார் வழக்காறு’ம் அப்படிப் பல்கலைக்கழகத்தில் பிறந்த சொல்தான், பாடியவர்கள் அதைப் பாட்டு என்றார்கள், அவ்வளவே. ஜப்பானில் கடையை மூடும் நேரத்தில், பள்ளியில் பிரிவுபசாரத்தில் ஒரு மெட்டு ஒலிக்கும். ‘ஹொத்தாரு நோ ஹிகாரி’, மின்மினியின் ஒளி. கேட்டாலே கண் கலங்கும் ஜப்பானியர்கள் உண்டு. அந்த மெட்டு ஸ்காட்லாந்திலிருந்து வந்தது; 1881-இல் பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் சேர்ந்தது. ஸ்காட்லாந்து மெட்டு அவர்களுக்கு மரபானது. அவர்கள் பெட்டி நமக்கு மரபானது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து மரபைத் தீர்மானிப்பது வேலைக்காகாது. அந்தப் பாட்டு, அந்த வாத்தியம், என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் கொஞ்சம் வழி புலப்படுகிறது.

அதற்கு ஜப்பானின் வடகோடிக்கு உங்களைக் கூட்டிப்போக வேண்டும். ஹொக்கைதோ தீவு. அதன் மேற்குக் கரையில் வசந்த காலத்தில் நிஷின் மீன் முட்டையிட வரும். ஆங்கிலத்தில் ஹெர்ரிங் என்பார்கள், நம் மத்திக்குப் பங்காளி. 1897-இல் மட்டும் பத்து லட்சம் டன்னை நெருங்கும் அளவுக்குப் பிடித்தார்கள். தின்றதைவிட வேகவைத்துப் பிழிந்து உரமாக்கியதுதான் அதிகம். பருத்திக்கும் அவுரிக்கும் அந்த உரம் போனது. வலை இழுக்க, மீன் அள்ளத் தெற்கிலிருந்து ஏழை விவசாயக் கூலிகள் பருவத்துக்கு வருவார்கள். பெரிய வலையில் அடைபட்ட மீனைக் கைப்பிடி வலையால் படகுக்கு அள்ளிப்போடுவது இரவு பகல் ஓயாத வேலை. தூக்கம் வந்தால் கடலில் விழ வேண்டியதுதான். விழாமல் இருக்க ஒரு பாட்டு இருந்தது. ‘சோரன் புஷி’. ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் கூவுவார்கள். கைகள் ஒரே தாளத்தில் இறங்கி ஏறும். பாட்டில் கடல் வரும், கடற்பறவை வரும், முதலாளி வருவார், பச்சையான விஷயங்களும் தாராளமாக வரும்.

1950-களின் நடுவில் நிஷின் வராமல் போனது. மீன் போனால் வேலை போயிற்று. வேலை போனால் பாட்டு போக வேண்டும் அல்லவா? போகவில்லை. வானொலியிலும் இசைத்தட்டிலும் கொஞ்ச காலம் உயிர் வைத்திருந்தது. பிறகு இத்தோ தாக்கியோ என்ற நாட்டுப்பாடகர் மின்கித்தாரையும் டிரம்மையும் சேர்த்து அதை உறும வைத்தார். ஹொக்கைதோவின் வட முனையில் வக்கனாய் என்ற ஊரில், அடிதடிக்குப் பெயர்போன ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே ஆசிரியர்கள் அந்தப் பாட்டுக்குப் பிள்ளைகளை ஆட வைத்தார்கள். இடுப்பைத் தாழ்த்தி, கயிறு இழுப்பதுபோல, அலை புரள்வதுபோல ஓர் ஆட்டம். 1990-களில் அது பரவி, இன்று ஜப்பான் முழுக்கப் பள்ளி விளையாட்டு விழாவில் அந்த ஆட்டம் உண்டு. 1992-இல் சப்போரோ நகரில் ஒரு கல்லூரி மாணவர் முன்னின்று ‘யோசகோய் சோரன்’ என்ற தெரு விழாவைத் தொடங்கினார். எந்த இசையை வேண்டுமானாலும் போட்டு ஆடலாம், ஆனால் சோரன் புஷியின் ஒரு துணுக்காவது அதில் இருந்தாக வேண்டும் என்பது விதி.

எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன பாட்டு பச்சைச் சொற்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனது. குளிரில் விறைத்த கூலியின் எரிச்சல் அதில் இல்லை. ஆனாலும் நிஷின் மீனைக் கண்ணால் பார்த்திராத பிள்ளையின் இடுப்பும் தோளும் வலை இழுப்பது எப்படி என்று அறிந்திருக்கின்றன. பாட்டுக்கு வேறு வேலை கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான்.

இப்போது நம் கரைக்கு வருவோம். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே கடற்கரையில் பெரிய வலை இழுத்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கடலுக்குள் வளைத்துவிட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இரு பக்கமும் ஆட்கள் இழுப்பார்கள். ஒருவர் அம்பா என்னும் வலையிழுப்புப் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் கட்டுவார்கள். அம்பாவிலும் சாமி வரும், கடல் வரும், கரையில் கூடையோடு நிற்கும் பெண்ணைக் கிண்டல் செய்வது வரும். சோரன் புஷிக்காரன் இங்கே வந்திருந்தால் மொழி தெரியாமலே நடுவில் நுழைந்து கயிறு பிடித்திருப்பான்.

கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. துடுப்பின் இடத்தில் மோட்டார் வந்தது. காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசை கட்டின. மோட்டார் ஓடும்போது அம்பா எதற்கு? எண்ணூரில் கரையே கடலுக்குள் போய், பாறாங்கல் கொட்டிய இடமாகிவிட்டது; கல்லின்மேல் நின்று வலை இழுக்க முடியாது. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்து கால் புதைகிறது. சோரன் புஷி மீன் வராததால் வேலை இழந்தது. அம்பாவுக்கோ நிற்க மணலும் இல்லாமல் போனது. நம் பள்ளிகளில் எதுவும் அதைக் கூப்பிட்டு வேறு வேலை கொடுக்கவில்லை. எண்ணூர்ப் பிள்ளைகளும் ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டுக்குத்தான் ஆடுகிறார்கள். சினிமாவின்மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான்.

கானாவின் கதை வேறு. அதற்கு யாரும் வேலை கொடுக்க வேண்டியிருக்கவில்லை, சாவு நிற்பதில்லையே! சினிமா அதை அழைத்துக்கொண்டது உபரி வருமானம். 1968-இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமா மெட்ராஸ் பாஷையில் பாடியது இன்னும் காதில் இருக்கிறது. 1990-களில் இசையமைப்பாளர் தேவா அந்தத் தாளத்தைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனார். 1996-இல் ‘காதல் கோட்டை’யில் தானே பாடினார். 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டு வந்தது. மீன்களுக்கு உறவுமுறை வைத்துக் கல்யாணம் நடத்தும் அந்தக் கற்பனை, மீன் விற்கும் சந்தையின் இரைச்சலிலிருந்து மட்டுமே வர முடியும். 2012-இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. சட்டியும் டோலக்கும் மின்கித்தாரும் ஒரே வரிசையில் நின்றன. பாட்டில் சாதியைப் பெயர் சொல்லி விசாரித்தார்கள். அவர்களில் நம் ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணியும் ஒருவர். 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

இசைவாணி பாடியது ஏன் பெரிய விஷயம் என்பது சாவு வீடு தெரிந்தவர்களுக்கே புரியும். வீட்டுக்குள்ளே பிணத்தைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். வெளியே பந்தலில் ஆண்கள் கானா பாடுவார்கள். நடுவில் ஒரு வாசற்படி. ஒரே இழப்புக்கு இரண்டு பாட்டு, இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே விடியும். அந்தப் படியைத் தாண்டி ஒரு பெண் பந்தலுக்கு வந்து மைக்கைப் பிடிப்பது, தோக்கியோவுக்குப் போய் மேடையேறுவதைவிடத் தொலைவான பயணம்.

எதிர்த்திசையிலும் ஒருவர் வந்தார். 2017-இல் கர்னாடகப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய ‘புறம்போக்கு’ப் பாட்டை, எண்ணூர்க் கழிமுகத்துச் சாம்பலில் நின்று மெட்ராஸ் பாஷையில் கர்னாடக ராகங்களாகப் பாடினார். சபா வாசலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த கமகம் அது.

புல்புல்தாராவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கீபோர்டு வந்தது, பந்தலில் இதன் இடத்தை அது பிடித்துக்கொண்டது. கீபோர்டில் பாதி ஜப்பானியக் கம்பெனிகளுடையது என்பதால் நாடு மாறவில்லை என்று சொல்லலாம். எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து இப்போது ஜப்பானியப் பெயருள்ள கார்கள் கப்பலேறுகின்றன. ஜப்பானில் தைஷோகோதோ ஒருமுறை மங்கி மறுபடி எழுந்தது. அங்கே இன்று பெரும்பாலும் வயதான பெண்கள் பத்து இருபது பேராக உட்கார்ந்து, மேல்சுருதிப் பெட்டி, கீழ்ச்சுருதிப் பெட்டி என்று வகை பிரித்து வாசிக்கிறார்கள். நம் பெட்டிக்காரரின் பேரன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார்.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்கள் நான்கு பேரோடு, அம்பா பதிவு செய்யலாம் என்று எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்துக்குப் போனேன். எண்பதை எட்டிய ஒரு பெரியவர். நாற்காலியில் உட்கார வைத்து, மைக்கைச் சட்டையில் குத்தி, “பாடுங்க தாத்தா” என்றோம். வாயைத் திறந்தார், மூடினார். முதல் வரியே வரவில்லை. மறுபடி முயன்றார். “மறந்து போச்சா தாத்தா?” என்றாள் ஒரு மாணவி. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மறக்கறதாவது! கயிறு எங்க? கயிறு இல்லாம எங்கேந்துமா பாட்டு வரும்?”

பக்கத்து வீட்டுப் படகுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து திண்ணைத் தூணில் கட்டினோம். அவர் முன்னால் பிடித்தார், பின்னால் நாங்கள் ஐந்து பேர். இரண்டு முறை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பாட்டு வந்தது. நாற்பது நிமிடம் நிற்கவே இல்லை. பதிவில் பாட்டோடு எங்கள் மூச்சிரைப்பும், “தூணை உடைச்சிடப் போறீங்க!” என்று உள்ளேயிருந்து ஒரு பெண்மணி கத்துவதும் சேர்ந்தே விழுந்திருக்கின்றன.